மூச்சு சீராக இருக்கும் நாளிலும் இன்ஹேலர் எதற்கு? ஆஸ்துமாவில் நுரையீரல் எதிர்ப்பு செல்களின் வேலை

கேள்வி இதுதான். சேலத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த மூன்றாவது வருடம் இளைப்பு ஆரம்பித்திருக்கிறது. அதிகாலை 3, 4 மணிக்கு நெஞ்சு இறுகி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. பகலில் பெரிய தொந்தரவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் (ஒருவகை ரத்த வெள்ளணு) 620, ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்) 480. புடெசோனைடு என்ற ஸ்டீராய்டும், குழாய்த் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைக் காலையும் இரவும் இழுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "எதிர்ப்புசக்தி குறைந்துதானே இது வருகிறது? ஸ்டீராய்டு கொடுத்து அதை இன்னும் குறைப்பானேன்? நன்றாக இருக்கும் நாளிலும் மருந்து எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: மூச்சுக்குழாயின் சுவருக்குள். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் புரியும்.

ஆஸ்துமா எதிர்ப்புசக்தி குறைவதால் வரும் நோய் அல்ல. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்ப்பதற்கென்று உடம்பில் ஒரு தனிப்படை உண்டு. அந்தப் படை ஆளை மாற்றி அடையாளம் கண்டு, மெத்தைத் தூசியோடும் மகரந்தத்தோடும் ஓயாமல் சண்டை போடுவதுதான் நோய். ஆகவே "எதிர்ப்புசக்தி கூட்டும்" கஷாயமோ மாத்திரையோ இதற்குத் தீர்வாகாது. கூட்ட வேண்டியது எதுவும் இல்லை. தவறான இடத்தில் மூண்ட சண்டையை அடக்க வேண்டும்.

சண்டையைத் தொடங்கி வைப்பது ரத்த வெள்ளணு அல்ல, மூச்சுக்குழாயின் உள்தோல். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சியின் கழிவில் டெர் பி 1 என்றொரு புரதம் இருக்கிறது. இது ஒரு நொதி. உள்தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இறுக்கமான இணைப்புகளை இது வெட்டிவிடும். கரப்பான்பூச்சிக் கழிவிலும் சில பூஞ்சைகளிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு. காயம்பட்ட உள்தோல் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25 என்ற மூன்று சமிக்ஞைப் புரதங்களை அபாய அறிவிப்பாக வெளியிடுகின்றன. வண்டிப் புகையும், குப்பை எரிக்கும் புகையும், சளிக்காய்ச்சல் வைரஸும்கூட இதே அறிவிப்பை எழுப்பும். அதனால்தான் ஒவ்வாமைப் பொருள் ஒன்றே ஆனாலும், புகை மண்டிய நாளில் அதே அளவு தூசி அதிகமாகத் தாக்குகிறது.

அறிவிப்பு கேட்டதும் இரண்டு வழியில் வேலை நடக்கிறது. ஒன்று வேகமான வழி. இரண்டாம் வகை உள்ளார்ந்த லிம்ஃபாய்டு செல்கள் என்று ஒரு கூட்டம் மூச்சுக்குழாய்ச் சுவரில் குடியிருக்கிறது. 2010 வாக்கில்தான் இவற்றைத் தனி இனமாக அடையாளம் கண்டார்கள். இவற்றுக்கு எதிரி யார் என்று பார்த்தறியும் ஏற்பி கிடையாது. அபாய அறிவிப்பு போதும், உடனே ஐஎல்-5, ஐஎல்-13 இரண்டையும் கொட்டத் தொடங்கும். ஒவ்வாமைப் பரிசோதனை எல்லாம் "இல்லை" என்று வந்தும் ஈசினோஃபில் ஏறி இளைப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் இந்த வழியே முக்கியம் என்று கருதப்படுகிறது. டிஎஸ்எல்பி அதிகமாகச் சூழ்ந்த நிலையில் இந்தச் செல்கள் ஸ்டீராய்டுக்கும் அவ்வளவாக அடங்குவதில்லை.

மற்றது மெதுவான, ஆனால் நெடுநாள் நிற்கிற வழி. உள்தோலுக்கு அடியில் டென்ட்ரிடிக் செல்கள் கை நீட்டிக் காத்திருக்கின்றன. தூசிப்புரதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க்கணுவுக்குப் போய், டி செல் என்ற வெள்ளணுக்களில் இன்னும் அனுபவமில்லாத ஒன்றிடம் காட்டுகின்றன. அபாய அறிவிப்பைக் கேட்டபடி வந்த டென்ட்ரிடிக் செல் காட்டினால், அந்த டி செல் டிஎச்2 என்ற வகையாக மாறும். டிஎச்2 மூன்று கட்டளை இடும். ஐஎல்-4 மூலம் பி செல்லை ஐஜிஇ தயாரிக்க வைக்கும். ஐஎல்-5 மூலம் எலும்பு மஜ்ஜையில் ஈசினோஃபிலை வளர்த்து அனுப்பச் சொல்லும். ஐஎல்-13 மூலம் சளி சுரக்கும் செல்களைப் பெருக்கி, குழாய்த் தசையைத் தொட்டால் சுருங்கும் நிலைக்குக் கொண்டுவரும். முதல் முறை இது நடந்து முடிய நாட்கள், வாரங்கள் ஆகும். அந்தச் சமயத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. புது ஊருக்கு வந்த உடனே இல்லாமல் ஓரிரு பருவங்கள் கழிந்து இளைப்பு வருவதற்கு இந்த மௌனக் காலம் ஒரு காரணம்.

தயாரான ஐஜிஇ போய் ஒட்டிக்கொள்ளும் இடம் மாஸ்ட் செல். இவை ரத்தத்தில் சுற்றுவதில்லை. திசுவிலேயே மாதக்கணக்கில் தங்கும். சாதாரணமாக உள்தோலின் அடியில் இருக்கும் இவை, ஆஸ்துமாக்காரரின் குழாயில் தசைக்கட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கும். 2002இல் வெளியான ஒரு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஈசினோஃபில் சளியும் இருமலும் இருந்தும் குழாய் சுருங்காத இன்னொரு நோய் இருக்கிறது. அதையும் ஆஸ்துமாவையும் ஒப்பிட்டபோது, மற்ற செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க, தசைக்குள் மாஸ்ட் செல் இருந்தது ஆஸ்துமாவில் மட்டும். வெடிமருந்து கிடங்குச் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூசிப்புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் போதும், மாஸ்ட் செல் சில நிமிடத்தில் ஹிஸ்டமின், டிரிப்டேஸ், லூக்கோட்ரையீன்கள், புரோஸ்டாகிளாண்டின் டி2 எல்லாவற்றையும் விடும். தசை சுருங்கும், சுவர் வீங்கும். இது ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணியும். பலருக்கு 4 முதல் 8 மணி நேரம் கழித்து இரண்டாவது இறுக்கம் வரும். அது இரண்டாம் கட்டமாக வந்து சேர்ந்த ஈசினோஃபில்களும் டி செல்களும் செய்யும் வேலை. சாயங்காலம் வீடு ஒட்டடை அடித்துவிட்டு ராத்திரி இளைத்தால், காரணம் ராத்திரிச் சாப்பாட்டில் இல்லை, சாயங்காலத் தூசியில் இருக்கிறது. ஹிஸ்டமின் இங்கே ஒரு பங்காளி மட்டுமே. ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும் செட்ரிசின் போன்ற மாத்திரை மூக்கொழுகலை நிறுத்தியும் இளைப்பை நிறுத்தாமல் போவது அதனால்தான்.

ஈசினோஃபிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் அறிக்கையில் அந்த எண்தான் முன்னால் நிற்கிறது. பால் எர்லிக் 1879இல் ஈயோசின் சாயத்தை வாங்கிச் சிவந்து நின்றதால் இதற்கு இந்தப் பெயர் வைத்தார். ரத்தத்தில் இது ஒரு நாளுக்கும் குறைவாகவே இருக்கும். பிறகு திசுவுக்குள் போய்ப் பல நாள் தங்கும். ஐஎல்-5 அங்கே இருந்தால் இன்னும் நீடித்து வாழும். அதன் குருணைகளில் உள்ள புரதங்கள் புழுவின் தோலைத் துளைக்கும் தன்மை கொண்டவை. குழாயின் உள்தோலில் அவை கொட்டினால் உள்தோல் உரிகிறது, அடியில் உள்ள நரம்பு நுனிகள் வெளிப்படுகின்றன. குளிர்காற்று, சிரிப்பு, ஊதுபத்திப் புகை எல்லாம் இருமலைக் கிளப்புவது இந்த நிலையில்தான். ஈசினோஃபில் சாகும்போது கேலெக்டின்-10 என்ற புரதம் ஊசி போன்ற படிகங்களாக உறையும். இவற்றை 19ஆம் நூற்றாண்டிலேயே இளைப்புக்காரரின் சளியில் பார்த்திருக்கிறார்கள். இந்தப் படிகங்களே வீக்கத்தை மேலும் தூண்டுகின்றன என்று தெரிந்தது 2019இல். கடுமையான ஆஸ்துமாவில் இந்தச் சளி ரப்பர் போல இறுகிச் சிறு குழாய்களை அடைத்துவிடும். சிடி ஸ்கேனில் பார்த்தால் அதே அடைப்பு அதே கிளையில் ஆண்டுக்கணக்கில் நிற்பதும் உண்டு. அடைப்பு உள்ள கிளைக்குள், உடனடி நிவாரணத்துக்கு இழுக்கும் சால்பியூட்டமால் போகவே போகாது.

இனி 620 என்ற எண். மொத்த வெள்ளணுவை ஈசினோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் இது வரும்: 7,750 வெள்ளணுவில் 8 சதவீதம் என்றால் 620. சிகிச்சை முடிவுகளுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு 150, 300 என்ற எல்லைகளைப் பார்ப்பார்கள். ஆனால் இந்த எண் பல விதத்தில் ஏமாற்றும். காலையில் குறைவாகவும் இரவில் கூடுதலாகவும் இருக்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும். அவசரப் பிரிவில் ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் ஈசினோஃபில் "0" என்று இருந்தால் அதை நம்பி "உங்களுக்கு அந்த வகை ஆஸ்துமா இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்து, ஸ்டீராய்டு படாத நாளில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல்: புழு. நாடாப்புழு, கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் எது இருந்தாலும் இந்த எண் ஏறலாம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஒருமுறை மலம் பார்த்தால் அகப்படாமல் போகலாம். அது உள்ளே இருக்கும்போது அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுத்தால் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். இன்ஹேலர் அளவுக்கு அந்தப் பயம் தேவையில்லை. எண் 3,000க்கு மேல், இரவு இருமல், யானைக்கால் உள்ள பகுதியில் வளர்ந்தவர் என்றால் யானைக்கால் புழுவால் வரும் வெப்பமண்டல ஈசினோஃபிலியாவை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து டைஎத்தில்கார்பமசின், வழக்கமாக மூன்று வாரம். 1,500க்கு மேல் போய், கால் மரத்துப்போதலோ தோல் புள்ளிகளோ சேர்ந்தால் ரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும்.

உங்கள் ஐஜிஇ 480. இதற்கு ஒரே ஒரு கூடுதல் பரிசோதனை கேளுங்கள்: ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சைக்கான தனி ஐஜிஇ. மூச்சுக்குழாய்ச் சளியில் அந்தப் பூஞ்சை குடியேறி, எதிர்ப்பு செல்கள் அதற்கு எதிராகக் கிளம்பினால் ஏபிபிஏ என்ற நிலை வரும். மொத்த ஐஜிஇ எல்லை முன்பு 1,000 என்று இருந்தது. 2024இல் திருத்திய வரையறையில் 500; உங்கள் எண் அதை ஒட்டி நிற்கிறது. தனி ஐஜிஇ 0.35க்குக் கீழே இருந்தால் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிடலாம். பழுப்பு நிறத்தில் கட்டிக்கட்டியாகச் சளி வந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே வேண்டாம். கண்டுபிடிக்காமல் விட்டால் குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும்.

அதிகாலை 3 மணி விஷயத்துக்கு வருகிறேன். உடம்பின் சொந்த கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும், அட்ரினலினும் தாழும். இரவு இளைப்பு உள்ளவர்களின் நுரையீரலில் அதிகாலை 4 மணிக்கு எடுத்த மாதிரியில், மாலை 4 மணிக்கு எடுத்ததைவிட ஈசினோஃபில் அதிகம் இருந்ததை 1990களில் காட்டினார்கள். அத்தோடு, அந்த நேரத்தில் உங்கள் முகம் மெத்தையில் புதைந்திருக்கிறது. எனவே இரவு விழிப்பை "பகலில்தான் சரியாகிவிடுகிறதே" என்று ஒதுக்காதீர்கள். சுவருக்குள் வீக்கம் அடங்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வீட்டில் கிடையாது.

எல்லாச் செல்லும் எதிரி அல்ல. காற்றறைகளில் வாழும் மேக்ரோஃபேஜ், அதாவது பெருவிழுங்கி, ஆரோக்கியமான நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கும். வந்த தூசியைச் சத்தமில்லாமல் விழுங்கி, மற்றவர்களை எழுப்பாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. செத்த செல்களை அள்ளி அகற்றுவதும் இதுவே. கடுமையான ஆஸ்துமாவில் இந்தத் துப்புரவு மந்தமாகிறது. குப்பை தேங்கினால் வீக்கம் தேங்கும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஐஎல்-10 மூலம் சண்டையை அமர்த்தப் பார்க்கும்; அவையும் இங்கே பின்தங்கிவிடுகின்றன. ஓர் இடத்தில் மட்டும் "எதிர்ப்புசக்தி குறைவு" என்ற உங்கள் சொல்லில் கொஞ்சம் உண்மை உண்டு: வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்கும் ஒருவகை டென்ட்ரிடிக் செல்லின் மேல் ஐஜிஇ நிறைய ஒட்டியிருந்தால், அந்தச் சுரப்பு குறைகிறது. சாதாரணச் சளிப்பிடிப்பு உங்களுக்கு மட்டும் நெஞ்சில் இறங்கிப் பத்து நாள் படுத்துவது இதனாலும்தான். இதற்கும் வழி ஒவ்வாமை வீக்கத்தைக் குறைப்பதே.

எல்லா ஆஸ்துமாவும் இப்படியே ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புகைபிடிப்பவர்கள், உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள், நடுவயதுக்கு மேல் தொடங்கியவர்கள் சிலரிடம் ஈசினோஃபிலுக்குப் பதில் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளணு கூடியிருக்கும். டிஎச்17 என்ற இன்னொரு வகை டி செல்லின் ஐஎல்-17 அதை அழைக்கும். ஸ்டீராய்டு ஈசினோஃபிலைச் சாகவைக்கும், நியூட்ரோஃபிலின் ஆயுளையோ நீட்டும். அந்த வகையில் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. உங்கள் எண்கள் அந்தப் பக்கம் காட்டவில்லை. உங்கள் வகை ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் வகை.

இப்போது மருந்து. சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும், அவ்வளவே. ஈசினோஃபிலையோ டி செல்லையோ அது தொடுவதில்லை. மூச்சு திறந்துகொண்டதும் எல்லாம் சரியானதாகத் தோன்றும், உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் விடலைப் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. 200 பஃப் கொண்ட சால்பியூட்டமால் குப்பி ஆண்டுக்கு மூன்று தீர்ந்தால் அது எச்சரிக்கை மணி.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு செல்லின் கருவுக்குள் போய், மேலே சொன்ன ஐஎல்-களை எழுதும் மரபணுக்களை அடக்குகிறது. ஈசினோஃபில் சில நாட்களில், வாரங்களில் குறையும். தசை தொட்டால் சுருங்கும் தன்மை தணிய மாதங்கள் ஆகும். நினைவு டி செல்கள் சுவருக்குள்ளேயே தங்கிவிடுவதால், மருந்தை நிறுத்திச் சில வாரத்தில் அடுத்த தூசியோ சளியோ வந்ததும் முழுப்படையும் திரும்ப எழும். மூச்சு சீராக இருக்கும் நாளிலும் மருந்து வேண்டியிருப்பது இந்தக் கால வித்தியாசத்தால்தான்: அறிகுறி மணிக்கணக்கில் போகும், செல்கள் மாதக்கணக்கில் இருக்கும். வருடக்கணக்கில் வீக்கத்தை விட்டுவைத்தால் உள்தோலின் அடியில் நார்ப்படலம் தடித்து, தசை பருத்து, மருந்துக்கும் திறக்காத குழாயாகிவிடும்.

அளவைப் பற்றிய பயத்துக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் புடெசோனைடு என்பது 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரையின் எடையில் நூறில் ஒரு பங்கு. விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போவதில் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடும். தொண்டையில் தங்குவது வெண்பூஞ்சையையும் குரல் கரகரப்பையும் தரும். அதனால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மருந்து செல்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஸ்ப்ரே வகை என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக 3 முதல் 5 நொடி இழுத்து, 10 நொடி அடக்கி, அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் விட வேண்டும். ஸ்பேசர் இருந்தால் தொண்டையில் படிவது குறையும். பொடியை இழுக்கும் ரொட்டாகேப் வகைக்கு இதற்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஒன்றின் முறையில் மற்றதை இழுப்பதே "மருந்து வேலை செய்யவில்லை" என்பதற்கு அடிக்கடி அகப்படும் காரணம்.

முறை சரி, மருந்து ஒழுங்காக எடுத்தும் தாக்குதல் தொடர்ந்தால், செல்லைக் குறிவைக்கும் ஊசிகள் உண்டு. ஒமாலிசுமாப் ஐஜிஇயைப் பிடிக்கும், மெபோலிசுமாப் ஐஎல்-5ஐ, பென்ராலிசுமாப் ஈசினோஃபிலையே அழிக்கும், டுபிலுமாப் ஐஎல்-4, ஐஎல்-13 ஏற்பியை அடைக்கும், 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெசெபெலுமாப், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள டிஎஸ்எல்பியைத் தடுக்கும். ஆளைத் தேர்ந்தெடுப்பது இதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெபோலிசுமாபே சாட்சி. 2007இல் வெளியான சோதனையில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தபோது ஈசினோஃபில் இறங்கியும் நோயில் தெளிவான மாற்றம் இல்லை. சளியில் ஈசினோஃபில் உள்ளவர்களை மட்டும் சேர்த்து 2009இல் வெளியான சோதனையில், ஓராண்டில் ஒருவருக்குத் தாக்குதல் சராசரி 3.4க்குப் பதில் 2.0 ஆனது. உங்களுக்கு இப்போது இவை தேவைப்படும் நிலை இல்லை.

பெங்களூரைப் பற்றி. குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் இந்நகர மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட 20,000 பேரை வைத்துச் செய்த கணக்கில், ஆஸ்துமா 1979இல் 9 சதவீதம், 1999இல் 29.5 சதவீதம். மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு என்பதால் ஊர் முழுமைக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் ஏறிய திசை கண்ணுக்குத் தெரிகிறது. காற்றில் ஈரம் 70, 80 சதவீதம் இருந்தால் தூசிப்பூச்சி செழிக்கும். 50க்குக் கீழே வற்றிச் சாகும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வெயில் படாத வாடகை வீட்டின் படுக்கையறை அதற்கு வாகான இடம். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். சுவரில் ஈரக்கறை இருந்தால் கட்டிலைத் தள்ளிப்போட்டு, கசிவை வீட்டுக்காரரிடம் சொல்லி அடைக்கச் செய்யுங்கள். மெத்தைக்குப் பூச்சி புகா உறை மட்டும் வாங்கிப் போட்டு நிறுத்திக்கொண்டால் பெரியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. மழைக்குப் பின் காலி சைட்டுகளில் பார்த்தீனியம் பூக்கும்போது அதைப் பிடுங்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

அடுக்குமாடி பால்கனியில் புறா கூடுகட்டினால் அதைத் தனியாகக் கவனியுங்கள். புறாக் கழிவால் வரும் நுரையீரல் நோயில் ஐஜிஇயும் ஈசினோஃபிலும் அல்ல, லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களே முன்னணியில் நிற்கும். வீசிங் சத்தம் அதிகம் இராது, படியேறினால் மூச்சு வாங்கும், எடை குறையும். அதை ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரையே மாற்றி மாற்றி இழுத்தால் நுரையீரல் தழும்பாகிவிடும். வலை கட்டுங்கள், எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காமல் நனைத்து, மாஸ்க் போட்டு வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்தை எப்போது குறைக்கலாம்? இரவு விழிப்பே இல்லாமல், நிவாரண இன்ஹேலர் அநேகமாகத் தேவைப்படாமல் மூன்று மாதம் போனால், மருத்துவர் ஸ்டீராய்டு அளவை 25 முதல் 50 சதவீதம் இறக்கிப் பார்ப்பார். மழைக்காலத் தொடக்கத்திலோ, சளி பிடித்திருக்கும்போதோ, ஊருக்குக் கிளம்பும் வாரத்திலோ இறக்க வேண்டாம். ஜனவரிக் குளிர் தாண்டி பிப்ரவரி கடைசியில் பேச்சை எடுங்கள். முடிந்தால் அதற்கு முன் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளவு பாருங்கள். 25க்குக் கீழே என்றால் ஐஎல்-13 அடங்கியிருக்கிறது. 50ஐத் தாண்டியிருந்தால், உங்களுக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தத் தடவை இறக்காதீர்கள்.